54 என்று எழுதிய கை

காலை ஏழரை மணி. அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி எண்ணுகிறார் ஒரு நர்சிங் உதவியாளர். 54. தாளில் எழுதிக்கொள்கிறார். பெரியவர் இன்றும் காலை உணவைத் தொடவில்லை. இது மூன்றாவது நாள். அதையும் எழுதுகிறார். அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். அவருக்கு இன்னும் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வருகிறார். தாளைப் பார்க்கிறார். ஸ்டெதாஸ்கோப்பைப் பெரியவரின் நெஞ்சில் வைத்து, ஒரு முழு நிமிடம் தானே எண்ணுகிறார். கிண்ணத்தில் இருந்த மாத்திரைகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

எழுதியவர் ஒருவர், படித்தவர் இன்னொருவர். எண் ஒன்றுதான். முதலாமவர் இரண்டாமவராக மாறுவதற்கு என்ன வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏராளமான பெண்கள், பலர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, இந்த மாற்றத்துக்கு முயல்கிறார்கள். அதை மன உறுதியின் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அதற்குள் இருக்கும் அறிவியல்தான் வியப்பாக இருக்கிறது.

முதலில் அந்த ஒற்றை மாத்திரை. அதன் பெயர் டிஜாக்சின். 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலை உடல் வீக்கத்தை வடியச் செய்வதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தச் செடியின் இனத்திலிருந்துதான் டிஜாக்சின் வருகிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு சிறு பம்ப் இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் வேலை. டிஜாக்சின் அந்தப் பம்பில் போய் ஒட்டிக்கொண்டு அதை மந்தமாக்குகிறது. செல்லுக்குள் சோடியம் தேங்குகிறது. அதன் விளைவாகக் கால்சியமும் தேங்குகிறது. கால்சியம் கூடினால் இதயத் தசை இன்னும் பலமாகச் சுருங்கும். கூடவே இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பையும் இந்த மருந்து தாமதப்படுத்துகிறது. நாடி குறைகிறது. தளர்ந்த இதயத்துக்கு இரண்டுமே நல்லது, அளவோடு இருக்கும்வரை.

அந்த அளவுதான் சிக்கல். குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி. பொட்டாசியமும் டிஜாக்சினும் அந்தப் பம்பில் இடம் பிடிக்கப் போட்டி போடுபவை. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால், டிஜாக்சினுக்குப் போட்டியே இல்லை. இதய நோயாளிகளுக்கு நீர் பிரிய ஃப்யூரோசெமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் கொண்டுபோய்விடும். முதுமையில் சிறுநீரகம் மெல்ல வேலை செய்வதால் டிஜாக்சின் உடலில் தங்கவும் செய்யும். நஞ்சாகும்போது தெரியும் முதல் அறிகுறிகளில் பசியின்மை ஒன்று. குமட்டலும், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிவதும் வரலாம். நாடி விழும். அதனால்தான் பெரியவர்களுக்கு நாடி 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேள் என்று நர்சிங் பாடம் சொல்கிறது.

இப்போது அந்த உதவியாளர் எழுதிய இரண்டு வரிகளை மறுபடி பாருங்கள். நாடி 54. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான பாதித் தகவல் அவர் கையில் இருந்தது. அதை இணைக்கும் கயிறுதான் இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி அவருக்குக் கிடைத்த பயிற்சி எவ்வளவு தெரியுமா? முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரம் என்று 1987-ல் நடுவண் அரசு விதித்தது. சில மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கின்றன, கலிஃபோர்னியாவில் 160. இவர்களை சி.என்.ஏ. என்பார்கள். சான்றிதழ் உண்டு, லைசென்ஸ் கிடையாது. அடுத்த படி எல்.பி.என்.; ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு, பிறகு லைசென்ஸ் தேர்வு. டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் இதையே எல்.வி.என். என்கிறார்கள். அதற்கும் மேலே ஆர்.என்., இரண்டு முதல் நான்கு ஆண்டுப் படிப்பு. 2023 கணக்கில் ஆண்டுச் சம்பளத்தின் நடுமதிப்பு உதவியாளருக்குச் சுமார் 38,000 டாலர், எல்.பி.என்.னுக்கு ஏறக்குறைய 60,000, ஆர்.என்.னுக்கு 86,000. முதல் படியில் நிற்கும் ஒரு தாய்க்கு இந்த எண்கள் வாடகையாகவும் பிள்ளையின் பல் சிகிச்சையாகவும் கண்ணில் தெரியும்.

அந்த 75 மணி நேரத்தை வைத்து அவர்களைக் குறைவாக எடைபோட்டுவிட வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் பூக்வார் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இல்லத்து முதியோரிடம் தெரியும் சிறுசிறு மாற்றங்களை, சோர்வு, தள்ளாட்டம், குழப்பம் போன்றவற்றை, உதவியாளர்களைக் குறிக்கச் சொன்னார்கள். நோய் பற்றிய குறிப்பு மருத்துவப் பதிவேட்டில் ஏறுவதற்குச் சராசரியாக 5 நாள் முன்பே அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஐந்து நாள்! நிமோனியாவில் ஐந்து நாள் என்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள தூரம்.

அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? தினமும் குளிப்பாட்டுகிறவருக்கும், சட்டை மாட்டிவிடுகிறவருக்கும் அந்த உடலின் வழக்கம் மனப்பாடமாகிவிடுகிறது. வழக்கத்திலிருந்து ஓர் இழை விலகினாலும் மூளை மணி அடிக்கிறது. "தாத்தா இன்னிக்குச் சரியில்லையே" என்று வாய் சொல்லிவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாது.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது எந்த உதவியாளருக்கும் முதல் பாடம். 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களை லுட்விக் குட்மன் இரவும் பகலும் இப்படிப் புரட்டவைத்துக் காப்பாற்றினார். (பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்த விளையாட்டுப் போட்டியைத் தொடங்கியவரும் அவரே.) காரணம் இதுதான்: தோலுக்குக் கீழே உள்ள நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். 1930-ல் யூஜீன் லாண்டிஸ் நகக்கண்ணுக்கு அருகே மிக மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி அளந்தது. மெத்தைக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே நசுங்கும் சதையில் அழுத்தம் அதைவிட எளிதில் கூடிவிடும். குழாய் அடைபடுகிறது, சதை மூச்சுத் திணறுகிறது. உடல்நலம் உள்ளவர் தூக்கத்திலேயே புரண்டு படுத்துத் தப்பித்துக்கொள்கிறார். முடியாதவருக்கு வேறு ஒருவரின் கை வேண்டும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் கீழே சேதம் தொடங்கிவிட்டது. பாடப்புத்தகம் இப்படிச் சொல்லும். ஆனால் கறுத்த தோலிலும் நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூட்டையும் கல்போன்ற இறுக்கத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். அனுபவமுள்ள உதவியாளரின் விரல் நுனிக்கு இது தெரிந்திருக்கும், 32 என்ற எண் தெரியாமலே.

ஆக, நர்ஸ் ஆவதற்குப் படிக்கப் போகிற உதவியாளர் வெறுங்கையோடு போவதில்லை. பார்வை இருக்கிறது, தொடுகை இருக்கிறது. சேர்க்க வேண்டியது காரணத்தை. இந்தச் சேர்க்கை நடக்க வேண்டிய இடம் மூளை. அந்த மூளையோ எட்டு மணி நேர வேலையும் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் முடித்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

பகலில் வகுப்பு இருப்பதால் பலர் நைட் டூட்டிக்கு மாறிக்கொள்கிறார்கள். வீட்டுக் கணக்கில் அது சரி. உடல் கணக்கில் அது கடன். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் நம் பகலிரவுக் கடிகாரமாக வேலை செய்கிறது. ஒளியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் அது, டூட்டி சீட்டைப் பார்த்து மாறாது. காலை எட்டு மணிக்குத் திரை போட்டுப் படுத்தாலும் "விடிந்துவிட்டது" என்றே உடலுக்குச் சொல்லும். அந்தத் தூக்கம் குட்டையாகவும் மேலோட்டமாகவும் போகிறது. தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குத் தடுமாறும் என்று 2000-ல் ஆஸ்திரேலியாவில் வில்லியம்சனும் ஃபேயரும் காட்டினார்கள்.

படிப்புக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பகலில் படித்தது முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகத் தங்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதை மூளை மறுபடி ஓட்டிப் பார்த்து, தன் மேலடுக்கான புறணியில் நிலையாகப் பதிக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படித்தால், அரிசி வாங்க அடுப்பை விற்றதுபோல ஆகிவிடும். உறக்கத்தையும் பாடநேரம் என்றே கணக்கிட வேண்டும் என்று இவர்களுக்கு யாராவது முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

குறைந்த நேரத்தில் அதிகம் நிற்கும்படி படிக்க முடியுமா? முடியும். 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனை மிக எளிமையானது. மாணவர்களிடம் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டாம் முறையும் படித்தார்கள். மறு பிரிவினர் பத்தியை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள், 81-க்கு 75 சதவீதம் என்று. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மூடிவைத்து எழுதியவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42. நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் வழி பழகிப் பாதையாகிறது. திரும்பத் திரும்பப் படிப்பது, தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது.

குடும்பஸ்தருக்கு இது வரம். அட்டையின் ஒரு பக்கம் மருந்தின் பெயர், மறுபக்கம் அதன் வேலை. பத்து வயது மகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு "ஃப்யூரோசெமைடு?" என்று கேட்க, அம்மா ரொட்டி மாவைப் பிசைந்தபடி "நீர் பிரியும், பொட்டாசியம் போகும்" என்று சொல்வது, மேசை விளக்கடியில் ஒரு மணி நேரம் கோடு போட்டுப் படிப்பதைவிடப் பயனுள்ளது. நாளைக்கு ஒருமுறை, மூன்று நாள் விட்டு ஒருமுறை, வாரம் விட்டு ஒருமுறை என்று இடைவெளி விட்டுக் கேட்டால் இன்னும் ஆழமாக நிற்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-லேயே இதைச் சொல்லிவிட்டார்.

கடைசியில் லைசென்ஸ் தேர்வு. பெயர் என்கிளெக்ஸ். இந்தியாவிலும் மையங்கள் உண்டு. வெளிநாடு போக விரும்பும் நம் ஊர் நர்சுகளும் இதைத்தான் எழுதுகிறார்கள். 1994 வரை ஆண்டுக்கு இருமுறை, எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். அதன் பிறகு கணினி. இருவருக்கு ஒரே தேர்வு கிடைக்காது. ஏனென்றால் தேர்வு, எழுதுகிறவரைப் பார்த்துப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எடை தெரியாத மூட்டை. கடைக்காரர் மறு தட்டில் ஒரு படிக்கல் வைக்கிறார். மூட்டை கீழே போனால் பெரிய கல், மேலே போனால் சிறிய கல். சில தடவையில் எடை பிடிபட்டுவிடும். என்கிளெக்ஸில் ஒவ்வொரு கேள்வியும் எடை தெரிந்த ஒரு படிக்கல். முன்பு தேர்வு எழுதியவர்களிடம், மதிப்பெண் இல்லாமல், வைத்துப் பார்த்து அந்த எடையைக் கண்டிருப்பார்கள். டென்மார்க்கின் கணித அறிஞர் ஜார்ஜ் ராஷ் 1960-ல் வெளியிட்ட முறைதான் அடிப்படை: கேள்வியின் கடினமும் ஆளின் திறனும் ஒரே அளவுகோலில் நிற்கும். இரண்டும் சமமாக இருந்தால், அவர் சரியாகச் சொல்ல வாய்ப்பு சரிபாதி. அந்தக் கேள்வியிலிருந்துதான் அவரைப் பற்றி அதிகம் தெரியவரும். மிக எளிதானதைக் கேட்டாலும் மிகக் கடினமானதைக் கேட்டாலும் விடை முன்பே தெரிந்ததுதானே?

ஆகவே சரியாகச் சொன்னால் கனமான கல் வருகிறது, தவறினால் இலேசானது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் கணினி அவர் திறனை மறுபடி கணிக்கிறது, அதில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்றும் கணக்கிடுகிறது. அந்தப் பிழையின் விளிம்பு முழுவதும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே போய்விட்டால், அதாவது 95 சதவீத உறுதி வந்துவிட்டால், தேர்வு சட்டென்று நின்றுவிடும். கீழே போனாலும் அப்படியே. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. வெற்றி பெறுகிறவரும் தோற்கிறவரும் ஏறத்தாழ பாதிக் கேள்விகளையே சரியாகச் சொல்லியிருப்பார்கள். வேறுபடுவது எந்த உயரத்துக் கேள்விகளில் பாதி என்பது.

இதை அறியாமல் பலர் நடுத்தேர்வில் உடைந்துபோகிறார்கள். "எல்லாமே கஷ்டமாக இருக்கிறதே, தோற்றுவிட்டேன்" என்று நினைக்கிறார்கள். கஷ்டமாக இருப்பது, கணினி அவரை உயரத்தில் வைத்து எடைபோடுகிறது என்பதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். 85-ஆவது கேள்வியில் திரை அணைந்தால் ஜெயமா தோல்வியா என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. தோற்றாலும் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

2023 ஏப்ரல் முதல் இந்தத் தேர்வில் நோயாளியின் கதை ஒன்றைக் கொடுத்து ஆறு கேள்விகள் தொடர்ச்சியாகக் கேட்கிறார்கள். நர்சின் மனம் வேலை செய்யும் ஆறு படிகள் அவை. குறிப்புகளைக் கண்டுகொள்வது, அவற்றுக்கு அர்த்தம் காண்பது, எது அவசரம் என்று முடிவெடுப்பது, வழிகளை யோசிப்பது, செயலில் இறங்குவது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது. முதல் படியைப் பாருங்கள். குறிப்புகளைக் கண்டுகொள்வது! நமது உதவியாளர் ஆண்டுக்கணக்காகத் தினமும் செய்துவந்த வேலை. இந்த இடத்தில் அவர், பள்ளி முடித்து நேரே வந்த பத்தொன்பது வயது மாணவியைவிட முன்னால் நிற்கிறார்.

ஒரு பொறியும் அவருக்கென்றே இருக்கிறது. "எங்கள் இடத்தில் இப்படித்தான் செய்வோம்" என்று கை பழக்கத்தில் பதில் சொல்லிவிடுவது. நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்றால் உதவியாளரின் உடல் ஓடிப் போய்ச் செய்யப் பார்க்கும். நர்ஸ் முதலில் நின்று கணக்கெடுக்க வேண்டும்: மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, உதடு என்ன நிறம். மதிப்பிட்ட பிறகே செயல். படிப்பின் கடினமான பகுதி இந்த அரை நொடி நிதானத்தைப் பழகுவதுதான் என்பது என் எண்ணம். நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-ல் எழுதிய நூலில் புதியவர் நிபுணராவதை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். தொடக்கத்தில் விதி கையைப் பிடித்து நடத்தும். கடைசிக் கட்டத்தில் நிலைமையை முழுதாகப் பார்த்ததும் புரிந்துவிடும். உதவியாளராக இருந்தவர் வந்து சேரும் வழி சற்று வேறு. புரிதலின் ஒரு பாதி அவரிடம் முன்பே இருக்கிறது. விதியைப் பிறகுதான் கற்கிறார்.

இவ்வளவு சிரமப்பட்டு ஒருவர் படி ஏறுவதால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது? லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட கணக்கு இது: நர்சுகளில் பட்டம் பெற்றவர்களின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நோயாளி, மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நர்சின் படிப்பு அவர் வீட்டுச் சுவரில் மாட்டும் சான்றிதழோடு முடிந்துவிடுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீடு திரும்புவதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

நம் மருத்துவமனைகளிலும் ஆயாம்மா என்று நாம் கூப்பிடும் பெண்களிடம் இதே கண்ணும் இதே விரல்களும் இருக்கின்றன. நம் ஊரில் நர்சிங் டிப்ளமோவுக்கு பிளஸ் டூ வேண்டும், வயதும் 35-க்குள் இருக்க வேண்டும். வாழ்க்கை அவர்களில் பலரை அந்த வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. வேலை செய்துகொண்டே ஏறக்கூடிய படி ஒன்றை இங்கேயும் கட்டித் தரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதுவரை, இதைப் படிக்கும் நர்சுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் ஒருவர் 54 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "ஏன் சிஸ்டர் அந்த ஒரு மாத்திரையை மட்டும் எடுத்துவச்சீங்க?" என்று கேட்டால், மருந்து வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்.